‘மு’வின் வால்

கலா, குமரா,

போன பொங்கலுக்கு வந்திருந்த நம் புது மாப்பிள்ளை, "மாமா என்ன வேலை பார்த்தாங்க?" என்று கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், "அப்பா மரத்துல பேரு செதுக்குவாரு" என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நீங்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் என் உழைப்பெல்லாம் ஒரு வரியில் முடிந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு வேலைக்குப் போனது செதுக்குவதற்காக இல்லை, மரம் தூக்குவதற்காக. ஸ்டேஷன் பக்கத்தில் காசிம் பாயின் மரம் அறுக்கும் மில். ரயிலில் வருகிற மரம், சுற்று ஊர்களில் வெட்டிய மரம் எல்லாம் அங்கே மலையாகக் கிடக்கும். ஒருத்தர் மரம் இன்னொருத்தர் மரத்தோடு கலந்துவிடாமல் இருக்க, மரத்தின் வெட்டு முனையில் சொந்தக்காரர் பெயரை உளியால் கொத்திவைப்போம். என் கொத்து மட்டும் தூரத்திலிருந்தே படிக்க முடிந்ததால் பாய் என்னைத் தூக்குவதிலிருந்து எடுத்துக் கொத்துவதற்கு விட்டார். என் படிப்பு, பயிற்சி எல்லாம் அவ்வளவுதான்.

ஒரு மரத்தைப் பலகையாக அறுக்கும்போது முதலில் வெளிப்பக்கத்துப் பலகை விழும். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், மறுபக்கம் பட்டையும் மேடுபள்ளமுமாக இருக்கும். அதை விறகுக்குத்தான் போடுவார்கள். அதில் ஒன்றை எடுத்து, அதன் வளைவை அப்படியே விட்டு, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு சைக்கிள் கடைக்குப் பெயர்ப்பலகை செய்து கொடுத்தேன். சைக்கிள் கடைக்காரர் கடையைத் திறக்கும் முன்பே அதைப் பார்க்க நாலு பேர் நின்றார்கள் என்று கேள்வி. அதற்குப் பிறகு மில்லின் ஒரு மூலை எனக்கென்று ஆகிவிட்டது.

வேலை எப்படி என்றால், தச்சு வேலை தெரிந்தவர்கள் எல்லாம் பலகையை முதலில் சதுரமாக்குவார்கள். நான் சதுரமாக்க மாட்டேன். பலகையைக் கீழே போட்டு, ஈரச் சணலைக் கையில் எடுத்துக்கொண்டு, மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறதோ அப்படியே சணலை விட்டுக்கொண்டு போவேன். ரேகை ஏறினால் சணலும் ஏறும், இறங்கினால் இறங்கும். அந்தச் சணல்தான் எழுத்து நிற்கிற கோடு. அதன்மேல் கரியால் எழுதிப் பார்ப்பேன். நம்முடைய எழுத்துக்கு இது ரொம்பத் தோது. ‘தி’ என்றால் தலைக்கு மேலே ஒரு சுழி வேண்டும், ‘கு’ என்றால் கீழே இறங்க வேண்டும், ‘கொ’ என்றால் முன்னாலும் பின்னாலும் இடம் வேண்டும். மரம் எங்கே உப்பியிருக்கிறதோ அங்கே சுழியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் சணலை எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

காசிம் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரையும் திட்டிப் பேச மாட்டார். புகழவும் மாட்டார். பலகை பிடித்துவிட்டால், "டீ சொல்லுப்பா" என்பார். பிடிக்காவிட்டால் பலகையைத் தடவிக்கொடுத்து, "நல்ல மரம்..." என்று இழுப்பார். கொஞ்சம் நிறுத்தி, "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ‘பாவம்’ மரத்துக்குத்தான், எனக்கில்லை. இன்னொரு பழக்கம், எந்தப் பலகையையும் தலைகீழாக நிறுத்திவைத்துத்தான் பார்ப்பார். "நேரா வச்சா கண்ணு படிக்க ஆரம்பிச்சிடும் செல்வராசு. படிச்சா மரம் தெரியாது" என்பார். எனக்கு முதலில் இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது.

மரத்தின் குணம் எனக்குச் சரியாகப் புரிந்தது ஒரு டீக்கடையால்தான். கீழப்பழுவூரில் ஒருத்தர் தன் வீட்டுக்காரம்மா பெயரில் ‘கமலா டீ ஸ்டால்’ என்று வாகைப் பலகையில் செய்யச் சொன்னார். செய்தேன். பாய் டீ சொன்னார். ஒரு மழைக்காலம் முடிந்து அந்த மனுஷர் மில்லுக்கு வந்து நின்றார்.

"செல்வராசு, எம் பொண்டாட்டி பேரு என்னப்பா?"

"கமலாங்க."

"அப்ப கம்லாங்கிறது யாரு?"

போய்ப் பார்த்தால், ‘ம’வுக்கு நேர் மேலே இருந்த ஒரு சின்ன முடிச்சு, கிளை முளைத்த கணு, மழையில் நனைந்து கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. செதுக்கும்போது அது மரத்தின் நிறத்திலேயே இருந்தது. இப்போது அழகாக ஒரு புள்ளி. ‘கம்லா டீ ஸ்டால்’. பஸ்ஸில் வருகிறவர்களெல்லாம், "கம்லா, ஒரு டீ" என்று கேட்கிறார்களாம். நான் முடிச்சைத் தோண்டி அடைத்துத் தருகிறேன் என்றேன்.

உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்த கமலா அம்மா, "இருக்கட்டும் தம்பி. கமலான்னு இந்த ஊருல நாலு பேரு இருக்கா. கம்லா நான் ஒருத்திதான்" என்றார்.

அன்றிலிருந்து முடிச்சு இருக்கிற மரம் வந்தால் முதலில் பெயரில் எத்தனை புள்ளி என்று பார்ப்பேன். முடிச்சைப் புள்ளியாக வைத்துவிட்டால் மரத்துக்கும் எனக்கும் நிம்மதி.

இனி அஞ்சலை அக்காவின் பலகை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது நம் பக்கமெல்லாம் திருச்சி மாவட்டம். பள்ளிக்கூடங்களில் சத்துணவு வந்த புதிது. ஒரு நாள் காலை மில் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டியில் ஒரு முந்திரி மரத்தின் அடித்துண்டு, கோணல் என்றால் அப்படி ஒரு கோணல். வண்டியோட்டி ஒரு பெரியவர். பக்கத்தில் நாற்பது வயது இருக்கும், ஒல்லியான ஒரு அம்மா. அவர்தான் அஞ்சலை.

"பேரு செதுக்குற தம்பி யாரு?" என்று கேட்டு நேராக என்னிடம் வந்தார். "இதுல எங்க ஊரு பேரை எழுதணும்."

"அக்கா, இது முந்திரி. அடுப்புக்குத்தான் ஆகும். வேற நல்ல மரம் பார்த்துத் தரேன்."

"நல்ல மரம் ஊரான் காட்டுல நிக்குது. இது எங்க தெருவுல நின்னு காத்துல விழுந்தது. எங்களுக்கு இருக்கிறது இதுதான்."

விஷயம் இதுதான். ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகிற சாலையில் ஓரிடத்தில் முப்பது வீடு இருக்கிறது. எல்லோரும் முந்திரி பொறுக்கவும் நாற்று நடவும் போகிறவர்கள். அங்கே இருப்பவர்கள் தங்கள் இடத்தை முந்திரிக்கொல்லை என்பார்கள். மற்ற எல்லோருக்கும் அது ‘காலனி’. பக்கத்துப் பெரிய ஊரின் பெயரைச் சொல்லி அதன் காலனி என்பார்கள். டவுன் பஸ் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போகும், நிற்காது. பெரிய ஊருக்கு நடந்து போய்த்தான் ஏற வேண்டும். அஞ்சலை அக்காவுக்குச் சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு சமையல் உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. அவர்கள் தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவர். நடந்து போய் பஸ்ஸைப் பிடிப்பதற்குள் பஸ் போய்விடும், அடுப்பு பற்றவைக்க நேரமாகிவிடும். "இப்படியே போனா வேற ஆள் பார்த்துக்குவேன்" என்று அங்கே உள்ள அமைப்பாளர் அம்மா சொல்லிவிட்டார்.

அக்கா பஸ் டிப்போ மேலாளரைப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் நல்லபடியாகத்தான் பேசியிருக்கிறார். "பேரு போட்டு ஒரு பலகை நடுங்கம்மா. வேகமா வர்ற டிரைவருக்குத் தூரத்துலேயே தெரியணும். நிறுத்தச் சொல்லி எழுதித் தரேன்" என்றாராம். இவர்கள் தகரத்தில் எழுதி நட்டார்கள். அடுத்த வாரம் அந்தத் தகரம் யாரோ ஒருத்தர் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிவிட்டது. மறுபடி ஒன்று நட்டார்கள், அதுவும் காணோம்.

"இதை எவனும் தூக்கிட்டுப் போவ முடியாது" என்றார் அக்கா, மரத்தைக் காட்டி. "தூக்கிட்டுப் போனாலும் என்னத்துக்கு ஆவும்? நீங்களே சொல்லிட்டீங்க, அடுப்புக்குன்னு."

வண்டியோட்டிப் பெரியவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ‘காலனி’ என்று ஒருத்தர் கூப்பிடும்போது காதில் எப்படி விழும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நம்முடைய பெரம்பலூர்த் தெருவை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். மரத்தை இறக்கச் சொன்னேன்.

அறுத்ததில் ஆறடிக்கு ஒரு பலகை தேறியது. இடது பக்கம் நேராக வந்து, வலது முனையில் ஒரு முழம் மேலே தூக்கி நின்றது. நான் அதைப் பார்த்ததும் குதூகலமாகிவிட்டேன். ஏனென்றால் முந்திரிக்கொல்லை என்பதில் கடைசி எழுத்து ‘லை’. நான் படித்த காலத்து ‘லை’ இப்போது நீங்கள் எழுதுகிற ‘லை’ இல்லை. ‘ல’வுக்கு முன்னால் இரட்டைச் சுழி போட மாட்டோம். யானை துதிக்கையைத் தூக்கினது மாதிரி ‘ல’வின் தலைக்கு மேலே ஒரு வளைவு எழும்பும். பலகையும் அதே இடத்தில் தூக்கி நிற்கிறது. மரம் ‘லை’ எழுதிக்கொண்டே வளர்ந்த மாதிரி இருந்தது. சணல் போட்டு, கரியில் எழுதி, செய்தித்தாளை ஒட்டி அதன்மேல் படி எடுத்து, மேலாளரிடம் காட்டிவிட்டே உளியை வைக்கலாம் என்று அக்காவும் நானும் டிப்போவுக்குப் போனோம்.

மேலாளர் தாளை மேஜைமேல் விரித்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பிறகு கடைசி எழுத்தில் விரலை வைத்தார். "இந்த ‘லை’ பழசுப்பா. எழுத்தை மாத்தி அரசாணை வந்தாச்சுல்ல? பள்ளிக்கூடப் புத்தகமே மாறிப்போச்சு. எங்க நிறுத்தத்துல பழைய எழுத்து நின்னா மேலிருந்து என்னைத்தான் கேப்பாங்க."

"சார், மரம் அப்படி வளர்ந்திருக்கு சார்."

"மரத்துக்கு நான் உத்தரவு போட முடியாது. எழுத்துக்குப் போட்டிருக்காங்க, நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் தப்பில்லை. மில்லுக்கு வந்ததும் அக்கா, "அடுத்த திங்கக்கிழமைக்கு மேல தாங்காது தம்பி. அமைப்பாளரம்மா ஆள் பேசி வச்சிருக்கு" என்றார்.

புது ‘லை’க்கு அகலம் வேண்டும். ‘ல’வுக்கு முன்னால் இரட்டைச் சுழி உட்கார வேண்டும். வலது முனையிலோ உயரம்தான் இருக்கிறது, அகலம் இல்லை. எழுத்தையெல்லாம் நெருக்கினால் வேகமாக வருகிற டிரைவர் கண்ணுக்குக் கம்பளிப்பூச்சி மாதிரி தெரியும். தூக்கின முனையை அறுத்தால் எட்டு எழுத்துக்கு நீளம் பத்தாது. சணலைப் போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். கரியை அழித்து அழித்துப் பலகை முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. அக்கா ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் பாய் வந்தார். வழக்கம்போலப் பலகையைத் தூக்கித் தலைகீழாகச் சுவரில் சாய்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "நல்ல மரம்..." என்றார். ‘பாவம்’ வருவதற்கு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குள் அக்கா, "ஏங்க பாய், இது என்ன இப்ப மாட்டு வாலு தொங்குற மாதிரி இருக்கு?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். தலைகீழாக வைத்ததில், வலது பக்கம் மேலே தூக்கி நின்ற முனை இடது பக்கம் வந்து கீழே தொங்கியது. வால்தான். இடது பக்கம் வருவது முதல் எழுத்து. முதல் எழுத்து ‘மு’. ‘மு’வுக்குத்தானே வால் கீழே இறங்கி வளைய வேண்டும்?

"அக்கா, வாலேதான்" என்றேன்.

"என்ன வாலு?"

"‘மு’வோட வாலு."

கரியை எடுத்து, தொங்கின முனையில் ‘மு’வின் வாலை ஒரே இழுப்பில் இறக்கினேன். வால் அடியில் இறங்கிக்கொண்டதால் மேலே மற்ற எழுத்துகளுக்கு இடம் கிடைத்தது. ‘தி’யும் ‘ரி’யும் தலைச்சுழியை வைத்துக்கொள்ள நடுவில் ஒரு மேடு இருந்தது. வலது பக்கம் இப்போது நேராக, அகலமாகக் கிடந்தது. புது ‘லை’ தன் இரட்டைச் சுழியோடு அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

பாய் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நான் ‘பாவம்’னு சொல்ல வந்தேன்" என்றார். "இந்தப் புள்ள முந்திக்கிச்சு. மாஷா அல்லாஹ். டீ சொல்லுப்பா, மூணு."

அக்காவுக்கு அந்த டீயின் அர்த்தம் தெரியாது. "எனக்கு வேணாம் பாய், நேரமாச்சு" என்று எழுந்தார். நான்தான் கையைக் காட்டி உட்காரவைத்தேன்.

முந்திரி மரத்தில் செதுக்குவது லேசில்லை. உளியை வேகமாக அடித்தால் சிம்பு சிம்பாகப் பிய்த்துக்கொண்டு வரும். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டித்தான் போக வேண்டும். எழுத்தின் இரண்டு ஓரமும் சரிந்து நடுவில் சந்திக்கிற மாதிரி ஆழமாக எடுத்தேன். அப்படி எடுத்தால் வெயில் சாயும்போது ஒரு ஓரம் நிழலாகும், எழுத்து தானாக எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் நிழல் இருக்காது என்பதால் உள்ளே வெள்ளைப் பெயிண்டு. புள்ளி மூன்று: ‘ந்’, ‘க்’, ‘ல்’. ‘ந்’துக்கு மேலே ஒரு முடிச்சு கிடைத்தது. மற்ற இரண்டையும் நான் குடைந்தேன். மரம் மட்காமல் இருக்க என்ன பூசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அக்கா ஒரு பாட்டிலில் கருப்பாக ஏதோ கொண்டுவந்தார். முந்திரிக்கொட்டையை வறுக்கும்போது ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய்.

"கையில பட்டா தோலு உரிஞ்சிடும். கரையானுக்கும் இது ஆவாது" என்றார். குச்சியில் துணியைச் சுற்றி அவரே பூசினார். என்னைக் கிட்டே விடவில்லை. "உங்க கை எழுதுற கை. எங்க கை ஏற்கெனவே உரிஞ்ச கை." கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்து எடுப்பாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாலையோரம் இரண்டு பனங்கட்டைகளை நட்டு, ஜெயங்கொண்டத்திலிருந்து வருகிற பஸ்ஸைப் பார்த்த மாதிரிப் பலகையை அறைந்தோம். மறுநாள் காலையில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் அங்கேயே ஒரு வீட்டில் படுத்துக்கொண்டேன். காலையில் அக்கா எண்ணெய் வைத்துச் சீவி, தூக்குச்சட்டியோடு பலகைக்குக் கீழே நின்றார். பின்னால் தெருவே நின்றது. ஏறப்போவது அவர் ஒருத்தர்தான், வழியனுப்ப முப்பது வீடு.

பஸ் வந்தது. வேகம் குறையவில்லை. எங்களைத் தாண்டியது. அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. கொஞ்ச தூரம் போய்ப் பிரேக் சத்தம் கேட்டது. கண்டக்டர் படியில் தொங்கியபடி பின்னால் எட்டிப் பார்த்து, தாண்டும்போது படித்ததை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"முந்... திரிக்... கொல்லை. இது எப்ப வந்த ஊரு?"

அக்கா நடந்துகொண்டே சொன்னார். "நாங்க பாட்டன் காலத்துலேருந்து இங்கதான் இருக்கோம். நீங்கதான் இன்னைக்கு வந்திருக்கீங்க."

பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். கண்டக்டரும் விடவில்லை. "காலனின்னு சொல்லு ஆயா, எனக்குப் புரியும்."

"போர்டுல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க சார். கண்ணு நல்லாத்தானே தெரியுது, இப்பதான் படிச்சீங்க."

அவர் நகர்ந்து படியில் இடம் விட்டார். அக்கா ஏறினார். விசில் அடித்தது. அன்று அடுப்பு நேரத்துக்குப் பற்றியது. அமைப்பாளர் அம்மா பேசி வைத்திருந்த ஆள் வேறு வேலை தேடிக்கொண்டது. அக்கா அந்தப் பள்ளியிலேயே இருந்து ஓய்வு பெற்றார்.

நான் அதற்குப் பிறகு எத்தனையோ பலகை செய்தேன். கல்யாண மண்டபம், அரிசி ஆலை, வக்கீல் வீடு, சிமெண்ட் கம்பெனி அதிகாரி வீட்டு நாய்க்குக்கூட ஒன்று. எல்லாவற்றையும் தலைகீழாக ஒரு முறை நிறுத்திப் பார்த்த பிறகுதான் உளியை எடுத்தேன்.

உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பலகை நட்டு இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். ஜெயங்கொண்டத்தில் ஒரு கடைக்குப் பலகை மாட்டிவிட்டு, அரியலூர் பஸ் ஏற வேண்டியவன், சோழபுரம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அதே கண்டக்டர்தான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "முந்திரிக்கொல்லை ஒண்ணு" என்றேன். மறுபேச்சு இல்லாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். இடம் வந்ததும் அவரே, "முந்திரிக்கொல்லைல்லாம் எறங்கு" என்று சத்தம் போட்டார். நான் ஒருத்தன்தான் இறங்கினேன்.

அங்கே நான் பார்க்க வேண்டிய ஆள் யாரும் இல்லை. அக்கா பள்ளிக்கூடத்தில் இருப்பார், மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளிப் போய், ஜெயங்கொண்டம் திரும்புகிற பஸ்ஸுக்காக நின்றேன். அந்தப் பக்கத்தில் பலகை கிடையாது. எங்கள் பலகையின் முதுகுதான் தெரிந்தது, அதில் எழுத்து ஒன்றும் இல்லை. பஸ் வந்தது. கையை நீட்டினேன். நின்றது.